மென்பொருளுள் பெரும்படைப்பு எது?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நெடுங்காலம் நிலைத்த பொருள்களுக்குக் குறைவில்லை. சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வளர்ந்த மரமொன்று கல்லாகிக் கிடக்கின்றது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கற்றளி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நிமிர்ந்து நிற்கின்றது. கல்மரத்தைக் கண்டு வியப்போர் பலர். ஆயினும் அதனைப் பெரும்படைப்பு என்பார் இலர். கோயிலையோ அவ்வாறு கூற எவரும் தயங்கார். மூப்பு மட்டுமே ஒரு பொருளைப் பெரும்படைப்பு ஆக்குவதில்லை.

கணிப்பொறிக்கு மனிதன் எழுதும் கட்டளைத் தொகுதியாகிய மென்பொருளை எவ்வாறு அளப்பது? அதற்குக் கல்லும் இல்லை, சுதையும் இல்லை. பொறி மாறினால் பழைய கட்டளை செயலற்றுப் போகும். மிகுந்த செல்வம் ஈட்டியதே சிறந்தது என்பர் சிலர். மிகப் பலர் பயன்படுத்துவதே சிறந்தது என்பர் வேறு சிலர். இரண்டும் சந்தைக்கு உரிய அளவுகோல்கள். இவற்றினும் நல்ல அளவுகோல் ஒன்று கொள்ளிடத்தை அடுத்த ஏலாக்குறிச்சியில் கிடைக்கின்றது.

இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டில் பிறந்த வீரமாமுனிவர் அவ்வூரில் தங்கித் தமிழ்ப்பணி ஆற்றினார். 3615 பாடல்களால் ஆகிய தேம்பாவணி அவர் புகழை நாட்டியது. 1732இல் அவர் தொகுத்த சதுரகராதி, சொற்களை எழுத்து வரிசையில் தேடிக் காணும் வழியைத் தந்தது. எனினும் அவர் செய்தவற்றுள் மிகச் சிறியதே மிகுதியாக வழங்குகின்றது. குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளியிடுதல் பழைய விதி. ஓலை பழுதுறும் என்று அஞ்சி ஏடெழுதுவோர் புள்ளியை விடுத்தனர். அதனால் ‘செறு’ என்னும் வயலும், அவ்வயலில் உள்ள ‘சேறு’ம் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றின. முனிவர் நெடிலுக்குரிய கொம்பை மேலே சுழித்து இக்குழப்பத்தைத் தீர்த்தார். தேம்பாவணியை முழுதும் கற்றோர் சிலரே. அச்சுழியை எழுதாத தமிழர் எவர்? அஃது ஒருவர் செய்த திருத்தம் என்பதைக்கூட எழுதுவோருட் பலர் அறியார். மொழியின் இயல்பை உணர்ந்து, பிறர் கைக்கு எளிதாகி, செய்தவன் பெயரின்றியும் வழங்கும் அத்தகைய வேலையே மென்பொருளுலகிலும் பெரும்படைப்பு.

அமெரிக்க அறிஞர் டொனால்டு நூத், தம் நூலின் அச்சு அமைப்பு மனநிறைவு தராமையால் 1977இல் ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கி, பின்னர் அதனை எவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு அளித்தார். கணித நூல்கள் இன்றும் அதனால் கோக்கப்படுகின்றன. தமிழுக்கு மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் பெருந்தொண்டு செய்தது. ஆயின் அக்காலத்தில் எழுத்துரு செய்வோர் ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தனர். ஒருவர் அனுப்பிய மடல் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். அவ்வாறு எழுதப்பட்டவற்றுட் பல இன்று படிப்பாரின்றிக் கிடக்கின்றன. ஓலைச்சுவடியைச் செல் அரித்தது; இவற்றை ஒற்றுமையின்மை அரித்தது.

1999ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ்99’ விசைப்பலகை வகுக்கப்பட்டது. தமிழ் மென்பொருள் வரலாற்றில் பெரும்படைப்பு என்னும் பெயருக்கு முதலுரிமை உடையது அதுவே. உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு. மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னதன் தலையில் புள்ளி தானே ஏறி ‘க்க’ ஆகும். ஙகரத்தின் பின் ககரம் வரினும் அவ்வாறே. ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகள் போதும். விசைப்பலகை வெறும் வரைபடமேயன்றி மென்பொருள் ஆகாது என்று மறுப்போர் உளர். புள்ளியிடும் விதி விசையின்மேல் பொறிக்கப்பட்டதன்று. அது கட்டளையாக உள்ளே நின்று வேலை செய்கின்றது. தமிழில் மெய் மயங்கும் முறையை அறிந்தவரே அதனை வகுத்திருக்க இயலும்.

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கிக் கொள்வோரும் மிகப் பலராவர். அவ்வழி புதிதாய்க் கற்போர்க்கு எளிது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் நகரம், ணகரம், னகரம் மூன்றும் அங்கே ஓரெழுத்தின் நிழலில் ஒதுங்கி நிற்க வேண்டியுள்ளது. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் காட்சியும் மறைந்துவிடுகின்றது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குகுறி 1991இல் வெளிவந்தது. அதில் குறிலின் கொம்புக்கு ஓர் எண்ணும், முனிவர் சுழித்த கொம்புக்கு அதனை அடுத்த எண்ணும் உள்ளன. இன்று ஏலாக்குறிச்சியில் ஒரு மாணவன் தமிழ்99 முறையில் ச, ஏ, ற, உ என்று அழுத்தினால் திரையில் ‘சேறு’ தோன்றும். எவரும் அதனைச் ‘செறு’ என்று படியார்.