வீடுகள் உண்டு, குடியேற வழியில்லை

1998இல் சிங்கப்பூரின் துவாஸுக்கு இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்டு, 2006இல் இஸ்கந்தர் மலேசியா என்னும் பிரம்மாண்டமான திட்டமும் உதயமானபின், ஜொகூர் மாநிலத்தின் கெலாங் பாத்தா வட்டாரத்தில் கட்டடங்கள் எழும்பிய வேகத்துக்குச் சாதாரண உழைப்பாளியின் சம்பளம் ஈடுகொடுக்கவில்லை. ஏழு லட்சம் பேர் வாசம் செய்வதற்கென்று கடலைத் தூர்த்து நிர்மாணித்த பாரஸ்ட் சிட்டியின் அடுக்குமாடிகள் பெரும்பாலும் ஆளரவமின்றி நிற்க, ஜொகூரின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தவர்களின் சந்ததியார் மாத வாடகைக்கு அல்லாடுவது, சந்தையே எல்லாவற்றையும் சீராக்கிவிடும் என்று உபதேசிப்போர் அவசியம் வந்து பார்க்கவேண்டிய விசித்திரம்.

2035க்குள் பத்து லட்சம் மலிவு விலை வீடுகள் என்பது பதின்மூன்றாம் மலேசியத் திட்டத்தின் சங்கற்பம், வரவேற்கிறோம். ஆயினும், ஓவர்டைம் கூலியை நம்பிப் பிழைப்பவருக்கு வங்கி கடன் மறுக்குமாயின், விலை எவ்வளவு குறைந்தாலும் அவ்வீடு அவருக்கு எட்டாது. 2025 ஜனவரியில் சிங்கப்பூருடன் கையெழுத்தான சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் நில விலையை மேலும் உயர்த்தக்கூடும். அதற்கு முன்பாகவே, வாடகை செலுத்திச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை விஸ்தரித்து, பேருந்தும் பள்ளியும் அருகிலுள்ள இடங்களில் நிலம் ஒதுக்குமாறு மாநில அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.