ஒற்றை வரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோர்

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தமது கைபேசியை நம்முன் நீட்டினார். முகம் பார்த்தறியாத தோழி ஒருவருடன் இரண்டாண்டுகளாக இணையவழி நூல்களைப் பற்றி உரையாடி வந்தவர் அவர். திரையில் 'சாப்டியாடா செல்லம்?' என்றொரு வரி. அதன் பின்னே ஒரு சிவப்பு இதயம். 'இதற்கு என்ன பொருள்?' என்றார். இலக்கிய வாசகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 'காதல்தான்' என்று தீர்ப்பளித்தோம். அதை நம்பி நண்பர் உரிமை கோரினார். தோழி திகைத்து மறுத்தார். 'ஆசை காட்டி ஏமாற்றிவிட்டாள்' என்று நாம் வசைபாடினோம். அந்த உரையாடல் அன்றோடு நின்றுபோயிற்று.

பிற்பாடு பழைய மடல்களைப் புரட்டியபோது தெரிந்தது: தம் வீட்டுப் பூனையையும், தமக்குப் பிடித்த நாவலின் கதாநாயகியையும்கூட அத்தோழி 'செல்லம்' என்றே அழைத்திருக்கிறார். குற்றம் நம்முடையது. ஒரு மோசமான வாசிப்பு ஒரு நட்பைக் கொன்றது.

இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் குறிப்பாக நாம்தாம். தொல்காப்பியம் வகுக்கும் 34 செய்யுள் உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன் ஆகியன உண்டு. இவ்விடத்தில் இச்சொல் இன்னார் இன்னாருக்குச் சொல்லத் தக்கது என்று உணரவைக்கும் 'முன்னம்' என்ற உறுப்பும் உண்டு. கவிதையில் இவற்றையெல்லாம் தேடித் தேடி வாசிக்கும் நாம், உயிருள்ள ஒரு பெண் எழுதிய வரியை மட்டும் கூற்றும் களனும் அறுத்தெறிந்து வாசித்தோம். ஒரு பெண்ணின் பரிவை வேட்கையாக மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஆண் மனத்தின் வறுமையன்றி இது வேறென்ன?

எழுத்தில் முகம் தெரியாது, குரல் கேட்காது. அந்தக் குறையை நிரப்பத்தான் 1982-இல் ஸ்காட் ஃபால்மன் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர், வேடிக்கையாகச் சொன்னதை வேடிக்கை என்று காட்ட, நிறுத்தற்குறிகளால் ஆன சிரிப்பு முகத்தை முன்மொழிந்தார். ஆனால் குறிகளும் சொற்களைப் போலவே பழக்கத்தால் பொருள் கொள்பவை. 2023-இல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாண நீதிமன்றம், ஆளிவிதை ஒப்பந்தத்துக்கு ஒரு விவசாயி அனுப்பிய கட்டைவிரல் குறியைச் சம்மதம் என்றே கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் நீதிபதி அந்தக் குறியை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதவில்லை. அவ்விருவரிடையே முன்பு நடந்த ஒப்பந்தங்களில் எத்தகைய சுருக்கமான பதில்கள் சம்மதமாக ஏற்கப்பட்டன என்று பார்த்தார். விதை வணிகத்துக்குக் காட்டப்பட்ட அந்தப் பொறுமையை நாம் நட்புக்குக் காட்டவில்லை.

'அன்புச் சொற்களை வீசி ஏமாற்றுவோர் இல்லையா?' என்று கேட்கலாம். உண்டு. அதற்கு மருந்து, சொன்னவரிடமே கேட்பது. நான்கு பேரைக் கூட்டி வழக்காடுவதன்று. 'முகம் காணாத நட்பே பொய்' என்னும் மறுதரப்பாரையும் நாம் ஏற்பதற்கில்லை. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் நேரில் கண்டிராத பிசிராந்தையார் வருவார் என்றான். சூழ இருந்த சான்றோர் ஐயுற்றனர். நண்பரை உள்ளிருந்து அறிந்தவன் அவன்; அவர்களோ வெளியிலிருந்து ஊகித்தவர்கள். பிசிராந்தையார் வந்தார்.

நம் நண்பரிடம் இரண்டாண்டு மடல்கள் இருந்தன. நம்மிடம் இருந்தது ஒரு வரி. அவர் அம்மடல்களை வாசித்திருக்க வேண்டும். நாம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இனி யாரேனும் அவ்வாறு கைபேசியை நீட்டினால் திருப்பிக் கொடுப்போம்: 'எழுதியவரிடம் கேளுங்கள். காதல் இல்லை என்று அவர் சொன்னால், அந்த அன்பு பொய் என்று அதற்குப் பொருள் இல்லை.'