மருதமுனைச் சாயக் கழிவை யார் பரிசோதிப்பது?



மருதமுனைச் சாறனும் சேலையும் இலங்கையெங்கும் விலைபோகின்றன. அவற்றின் நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பாரில்லை. எங்கள் வளவு மணலுக்குள்தான் போகிறது. நூலை இறக்கிய பிறகு தொட்டியில் மிஞ்சும் கறுத்த தண்ணீரைச் சுவரோரக் குழியில் ஊற்றினால் போதும், கடற்கரை மணல் கண்முன்னே உறிஞ்சிவிடும். அதே மணலுக்குள், அதிக ஆழமில்லாமல், கிணற்று நீர் இருக்கிறது. குடிக்கக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் குளிப்பு, கழுவல் எல்லாம் பல வீடுகளில் கிணற்றில்தான்.

மத்திய சுற்றாடல் அதிகாரசபை நடைமுறைப்படுத்தும் 2008ஆம் ஆண்டுக் கழிவுநீர் நியமங்கள் அமிலத்தன்மையைப் பார்க்கின்றன, ஒட்சிசன் கேள்வியைப் பார்க்கின்றன, பார உலோகங்களையும் நிறத்தையும் பார்க்கின்றன. அந்தத் தண்ணீர் உயிர்க்கலத்தின் பரம்பரையலகைச் சிதைக்குமா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. இதைத்தான் நான் கண்டிக்கிறேன். நிறம் வெளுத்துவிட்டால் ஆபத்து நீங்கியதாகாது. அசோ வகைச் சாயங்கள் சில, நிறம் இழந்து உடையும்போதுதான் பென்சிடின் போன்ற அமைன்களை வெளிவிடுகின்றன. பென்சிடின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாகிப் பல காலம். அத்தகைய அமைன்களை வெளிவிடும் சாயங்களைத் துணிகளில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே தடை கொண்டுவந்தது. எங்கள் ஊரில் சாயத்தை நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். நிறத்தின் பெயரைத் தவிர அதில் ஓர் எழுத்தும் இருக்காது. அது எந்த வகைச் சாயம் என்று வெறுங்கையால் நூலைப் புரட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

பரிசோதனை முறை இல்லாமலும் இல்லை. 1970களில் கலிபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸ் என்ற விஞ்ஞானி, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத சல்மொனெல்லா பற்றீரியாவை எடுத்துக்கொண்டார். சோதிக்கும் பொருள் பரம்பரையலகில் விகாரத்தை உண்டாக்கினால் சில பற்றீரியாக்கள் அந்தத் திறனை மீளப்பெற்று வளர்ந்துவிடும். தட்டில் முளைக்கும் கூட்டங்களை எண்ணினால் விடை கிடைத்துவிடும். 1975இல் அவரது குழு 169 தலைமயிர்ச் சாயங்களைச் சோதித்தது. அவற்றில் 150 சாயங்கள் விகாரத்தை உண்டாக்கின.

இதைவிட எளிய வழியும் உண்டு. வெங்காயத்தின் அடியைக் கழிவுநீர் தொடும்படி வைத்து வேர் விடச் செய்ய வேண்டும். வேர்நுனியைச் சாயமேற்றி நசித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நிறமூர்த்தங்கள் துண்டுபட்டிருப்பதும் பிரிய மாட்டாமல் பாலம்போல் இழுபட்டு நிற்பதும் தெரியும். உயர்தர உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு வேர்நுனி புதிதல்ல. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் பக்கத்துச் சம்மாந்துறையில் இருக்கிறது. இதைக் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டிய வேலையாக நான் நினைக்கவில்லை.

இப்படிப் பரிசோதனை கேட்பது தறிகளை மூடவைக்கும் என்று எங்களில் சிலர் அஞ்சுகிறார்கள். எங்கள் வீட்டுச் சோறும் தறியிலிருந்துதான் வருகிறது. அந்த அச்சம் எனக்குப் புரியும். ஆனால் தமிழ்நாட்டின் திருப்பூரைப் பாருங்கள். நொய்யல் ஆறு பாழாகும்வரை விட்டுவிட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடி விழுந்தது கூலிக்காரர்களுக்கும்தான். முன்கூட்டியே சோதித்து, கெட்ட சாயம் எதுவென்று அறிந்து, அதை மட்டும் விலக்கினால் தொழில் பிழைக்கும்.

ஆகவே சுற்றாடல் அதிகாரசபை கழிவுநீர் நியமங்களில் பரம்பரையலகு நச்சுப் பரிசோதனையைச் சேர்க்க வேண்டும். முதல் மாதிரிகளை மருதமுனைச் சாயத் தொட்டிகளிலிருந்தும் அயல் கிணறுகளிலிருந்தும் எடுக்க வேண்டும். செலவை நெசவாளர் தலையில் கட்டாமல் அரசே ஏற்க வேண்டும். இறக்குமதியாகும் சாயத்தின் இரசாயனப் பெயர், சில்லறைப் பொட்டலத்தின் மீதும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். பரிசோதனை முடிவுகளைக் கல்முனை மாநகர சபையின் அறிவித்தல் பலகையில் எல்லோரும் வாசிக்கும்படி தமிழில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
நெசவாளர் குடும்பத்தவர் ஒருவர்,
மருதமுனை.