லைன் வீட்டுக்கு எந்த அடுப்பு?

பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டே படிக்கிற நம்மில் பலருக்கு லைன் வீட்டில் ஒற்றை ரூம்தான் சமையலறையும். அதற்கு கரண்ட் அடுப்பு வாங்கப் போனால் கடைக்காரர் விலையைச் சொல்வார். வாட்ஸைச் சொல்ல மாட்டார். அடுப்பின் அடியில் பாருங்கள், 2000 வாட்ஸ் என்றிருக்கும். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். ரூமில் இருப்பதோ 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட்! சோறு வேகுமுன் ஒயர் வெந்துவிடும். 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லாதவர்கள் 1200 வாட்ஸைத் தாண்டாதீர்கள்.

காயில் அடுப்பு மலிவு. ஆனால் பாத்திரத்தோடு ரூமையும் சேர்த்துக் காய்ச்சும். என் ஓட்டு இண்டக்‌ஷனுக்கே. அலுமினியக் குண்டா அதற்கு ஆகாது. பாத்திரக் கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் இருக்கட்டும், அடியில் ஒட்டினால் வாங்குங்கள்.

பில் விஷயம்தான் வயிற்றெரிச்சல். 2000 வாட்ஸில் அரை மணி நேரம் எரித்தால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அரசு கொடுத்தது. சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வீட்டில் அது நம் கைக்கு வருவதே இல்லை. வாடகை பேசும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால்? முகவரிச் சான்று கேட்காத 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. ஜன்னல் உள்ள ரூமுக்கு மட்டும்.