கிழிந்த ஜீன்ஸைக் கொடுப்பது தர்மமா?

வெள்ளம், புயல் என்றால் போதும், நம் வீட்டுப் பரண் காலியாகிவிடும். 2015 டிசம்பரில் திருவேற்காட்டில் எங்கள் தெருவிலும் மூட்டை கட்டினோம். பிரித்துப் பார்த்தால் ஜிப் போன ஜீன்ஸ், அக்குள் கிழிந்த ஜாக்கெட், ஒற்றைக்கால் பைஜாமா! வீடு இழந்து நிற்பவன் இதை வைத்து என்ன செய்வான்?

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் இப்படி வந்த துணிகள் தீண்டுவாரின்றிச் சாலையோரம் மக்கின. அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்புதான் அவற்றை அள்ளித் தரம் பிரித்தது. நம் குப்பையைப் பிரிக்க டெல்லியிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

உடுத்த முடியாததை வீட்டிலேயே விரிப்பாகத் தையுங்கள் என்கிறேன். "கடையில் மலிவாகக் கிடைக்கிறதே சார்" என்கிறார்கள். அந்த மலிவுக் கம்பளிகளில் பல, பானிப்பட்டில் வெளிநாட்டான் கழித்த துணியை நாராக்கி நூற்றவைதான். அவன் கந்தலைக் காசு கொடுத்து வாங்குவோம், நம்முடையதைத் தானம் செய்வோம்!

வட கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் பழந்துணியை ஒட்டி 'கவந்தி' தைக்கிறார்கள். நம் பாட்டிமார் பழம்புடவையை மடித்துத் தைத்துத்தான் குழந்தையைக் கிடத்தினார்கள். டெனிம் இன்னும் உழைக்கும். (பிரான்சின் நீம் நகரத் துணி, 'து நீம்', என்பதுதான் டெனிம் ஆயிற்றாம். பிரெஞ்சில் படித்த எனக்கே அது வெகுகாலம் உறைக்கவில்லை.)

கால் பகுதியைச் சதுரமாக வெட்டி, அடியில் பருத்திப் புடவை கொடுத்தால் போதும், பஞ்சு வேண்டாம். மிஷினுக்கு 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். பக்கத்துத் தடித்த தையலை முதலிலேயே வெட்டி எறிந்துவிடுங்கள். அதன்மேல் ஓட்டினால் ஊசி முறியும்.