சாமியின் தரிசு நிலம்

கடவுள் பேரைச் சொல்லி ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிடுவது எவ்வளவு சுலபம், அதனால் லாபமடைகின்றவன் யார் என்பதற்குக் கிரேக்க தேசத்துப் பிரசங்கம் ஒன்றே போதுமான அத்தாட்சியாகும். இது எதிரிகள் கட்டிவிட்ட கதையல்ல. பேசியவரே 9 வருஷங் கழித்துக் கோர்ட்டில் பெருமையோடு எடுத்துச் சொன்னதாகும். அப்பேச்சு இன்றும் எழுத்தில் இருக்கின்றது.

டெல்பி என்ற ஊரில் அப்பாலோ சாமிக்குப் பெரிய கோவில். உலகத்துக்கே நடு அதுதான் என்பதும், அங்கிருந்த பாம்பைக் கொன்று அப்பாலோ இடத்தைப் பிடித்தார் என்பதும் புராணம். மலைக்குக் கீழே கிர்ரா என்னும் சமவெளி. அது சாமிக்கு விட்ட நிலம், உழுகின்றவன் நாசமாவான் என்று முன்னோர் சாபமிட்டிருந்தார்கள். ஆனாலும் பக்கத்து ஊர் ஆம்பிஸ்ஸர்கள் அதில் பயிரிட்டார்கள். குயவர் சூளையும் போட்டார்கள். சாமி வாய் திறக்கவில்லை.

கி.மு. 339-ல் டெல்பியில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடினார்கள். கோவிலில் மாட்டிய கேடயங்கள் சம்பந்தமாக ஏதென்ஸ் நகரத்தின் மேல் அங்கே குற்றம் சாட்டினார்கள். ஏதென்ஸ் பிரதிநிதியாகிய ஈஸ்கினிஸ் வாய்ச் சாமர்த்தியமுள்ளவர். அவர் எழுந்து, கண்ணுக்கெதிரே தெரிந்த சமவெளியைக் கைநீட்டிக் காட்டி, பழைய சாபத்தை உரக்கச் சொன்னார். அவ்வளவுதான்! கேடயப் பேச்சே மறைந்து போயிற்று.

18 வயதுக்கு மேற்பட்ட டெல்பிக்காரர் எல்லோரும், அடிமைகள் உள்பட, மண்வெட்டியோடு விடியற்காலையில் வரவேண்டுமென்று உத்தரவாயிற்று. போனார்கள், துறைமுகத்தை இடித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். ஆம்பிஸ்ஸர்கள் ஆயுதத்தோடு வந்ததும் ஓட்டம் பிடித்தார்கள். தரிசில் பானை செய்தவன் பாவி. வீட்டைக் கொளுத்தியவன் பக்தன்! இது என்ன நியாயம்?

நிற்க, பிறகு நடந்தது என்ன? சாமிக்காகப் பழிவாங்க ஒரு சேனாபதி வேண்டியிருந்தது. மாசிடோனியா அரசன் பிலிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். கி.மு. 346-ல் இதே கோவிலின் பொக்கிஷக் கொள்ளையைச் சாக்கிட்டு ஒருமுறை படையோடு உள்ளே வந்தவனும் அவனேதான். இம்முறை அப்பாலோவுக்காக வந்தவன், 338-ல் கெரோனியாவில் ஏதென்ஸையும் தீப்ஸையும் முறியடித்துக் கிரேக்கர்களின் தலைமேல் உட்கார்ந்துவிட்டான். சாமிக்குக் கிடைத்தது பழைய தரிசு. பிலிப்புக்குக் கிடைத்தது தேசம்.

யுத்தத்தை நம் நாட்டுக்குள்ளேயே கொண்டுவருகின்றாய் என்று அப்போதே எச்சரித்ததாக டெமாஸ்தனிஸ் என்னும் பேச்சாளர் கி.மு. 330-ல் கோர்ட்டில் சொன்னார். ஈஸ்கினிஸ் பிலிப்பிடம் கூலி வாங்கினவர் என்றும் சாட்டினார். கூலி வாங்கினாரா இல்லையா என்ற வழக்கு நமக்கு வேண்டியதில்லை. காசு வாங்காமலேகூட ஒரு சாபக் கதையால் இவ்வளவும் செய்துவிடலாம் என்பதல்லவா பயங்கரம்!

ஆகவே, சாமி சொத்துக்கு ஆபத்து என்று எவராவது கைநீட்டிக் காட்டினால், அவர் காட்டும் பக்கம் ஓடாதீர்கள். அவர் எந்தப் பேச்சை மறைக்கப் பார்க்கின்றார் என்று முதலில் கவனியுங்கள்.