பழங்காசுக்குக் காயலான் கடை விலை: மெட்டல் டிடெக்டர் காலத்தில் ஒரு 1878 சட்டம்

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் இந்த வீடியோ எப்படியும் கண்ணில் படும். இங்கிலாந்தில் ஏதோ ஓர் உழுத வயல். காதில் ஹெட்போன், கையில் நீளக் கம்பி, அதன் முனையில் வட்டத் தட்டு. 'பீப்' சத்தம் கேட்டதும் ஒரு கொத்து. மண்ணைத் துடைத்தால் உள்ளங்கையில் ரோமானியப் பேரரசர் ஒருவரின் முகம். பார்க்கிறவர்களுக்கு உடனே தோன்றும் கேள்வி, "இந்த மெஷின் எவ்ளோ?" என்பதுதான்.

மெஷின் கிடைப்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: காசு கிடைத்துவிட்டால் அடுத்து என்ன? பிரிட்டனில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. இந்தியச் சட்டம் வைத்திருக்கும் பதிலோ, உண்மையைச் சொல்பவரை ஏமாளி ஆக்குகிற பதில்.

முதலில் கருவி. தட்டுக்குள் இருப்பது கம்பிச்சுருள். அதில் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சின்னதாக ஒரு மின்னோட்டம் பிறந்து, பதிலுக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைத்தான் கருவி சத்தமாக மாற்றுகிறது. அவ்ளோதான் விஷயம். 1881-ல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட, டெலிபோன் புகழ் கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியோடுதான் போனார். குண்டு சிக்கவில்லை. இன்றைய பொழுதுபோக்குக் கருவிகளும் ஒற்றைக் காசைச் சுமார் ஓர் அடி ஆழத்துக்குள்தான் நம்பகமாகக் காட்டும். வீடியோவில் வராத உண்மை இன்னொன்று: பெரும்பாலும் சிக்குவது ஆணியும் சோடா மூடியும்தான்.

சுத்தியலைத் தேடப்போன கதை

1992 நவம்பர். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்ற கிராமம். எரிக் லாஸ் என்பவர் டிடெக்டரோடு வயலில் இறங்கினார். புதையல் தேடி அல்ல, விவசாய நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடி. கிடைத்ததோ ரோமானியத் தங்கமும் வெள்ளியும். கொஞ்சம் எடுத்துப் பார்த்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியல் குழு வந்தது. சுமார் 15,000 நாணயங்கள். கூடவே கரண்டி, நகை என 200 பொருட்கள். நிதானமாகத் தோண்டியதால், எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் சிறு பெட்டிகளாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தது வரை தெரியவந்தது. சன்மானம் 17.5 லட்சம் பவுண்ட். அதை நண்பரோடு பங்கிட்டுக்கொண்டார் லாஸ். (சுத்தியலும் கிடைத்தது. அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.)

பிறகு வந்த 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், இந்த நடைமுறையை இன்னும் தெளிவாக்கியது. 300 ஆண்டுக்கு மேல் பழமையான தங்கம், வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே 14 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். அருங்காட்சியகம் வேண்டும் என்றால், நிபுணர் குழு போடும் சந்தை விலையைக் கொடுத்துத்தான் எடுக்க முடியும். கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பங்கு. விதியை மீறினால் சன்மானம் குறையும், இல்லாமலும் போகும். புதையல் என்ற கணக்கில் வராத சில்லறைப் பொருட்களைக்கூடப் பதிவு செய்ய 1997-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதில் இன்று 15 லட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் இருக்கின்றன.

அங்கேயும் எல்லோரும் யோக்கியர்கள் இல்லை. 2015-ல் லெம்ஸ்டர் அருகே ஆங்கிலோ-சாக்சன் காலப் புதையலைத் தோண்டிய இருவர், யாருக்கும் சொல்லாமல் விற்கப் பார்த்தார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படும் அந்தக் குவியலில், வழக்கு முடிந்தபோது மீட்கப்பட்டவை 31 மட்டுமே. இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். மீதிக் காசுகளோடு வரலாற்றின் ஒரு பக்கமும் போய்விட்டது.

இடம் போனால் எல்லாம் போச்சு

தமிழ்நாட்டில் இதன் அருமை நன்றாகவே தெரியும். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் மொத்தமாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டு. ஒன்றிரண்டு காசு தனித்தனியாகக் கடைக்குப் போயிருந்தால், 'யாரோ கீறியிருக்கிறார்கள்' என்பதோடு முடிந்திருக்கும். ஒன்றாகப் பார்த்ததால்தான் அது திட்டமிட்ட செயல் என்று புரிந்தது. மாறாக, கரூர் அமராவதி ஆற்றுமணலில் சலித்தெடுத்து வியாபாரிகள் கைமாறி வந்த சங்ககாலக் காசுகள் பல. எந்த மண்ணடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தன என்ற விவரம் அவற்றுக்கு இல்லை. எழுத்தைப் படிக்கலாம், காலத்தைத்தான் இன்னும் வாதாட வேண்டியிருக்கிறது.

சரி, இன்று ஒருவர் அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பானைக் காசு கிடைக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது?

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அன்றைக்கு 10 ரூபாய் பெரிய பணம். இன்று ஒரு டீ காசு. மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 'பூமிக்குள் இருப்பதெல்லாம் கவர்மெண்டுக்கு' என்று ஊரில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. வேறு உரிமையாளர் இல்லாமல், அரசும் வேண்டாம் என்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் தர இதே சட்டத்தில் வழி உண்டு.

சிக்கல் 16-வது பிரிவில். அரசு எடுத்துக்கொள்ள முடிவு செய்தால் தர வேண்டியது, அந்தப் பொருளில் உள்ள உலோகத்தின் விலை, அதோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு. தங்கம் என்றால் பரவாயில்லை. இரண்டு கிராம் செப்புக் காசு என்றால்? அதில் மன்னன் பெயரே பொறித்திருந்தாலும் கிடைக்கும் தொகை ஒரு டீக்குக்கூடப் போதாது. அதையே சேகரிப்பாளர் ஒருவர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கத் தயாராக இருப்பார். இந்தக் கணக்கு தெரிந்தவர் தாலுகா ஆபீஸுக்கு எதற்குப் போகப்போகிறார்? தங்கக் காசு என்றால் இன்னும் மோசம், உருக்கிவிட்டால் தடயமே இல்லை.

சந்தை விலை கொடுத்தால் ஊர் முழுக்க டிடெக்டரோடு கிளம்பிவிடுவார்களே என்பது நியாயமான பயம். அதனால்தான் கருவி விஷயத்தில் பிரிட்டனை அப்படியே பின்பற்றக் கூடாது. அயர்லாந்தில் அனுமதியில்லாமல் தொல்பொருள் தேட டிடெக்டர் பயன்படுத்துவதே 1987 முதல் குற்றம். வெறும் மண்மேட்டுக்குக் கீழேயும் ஊர் இருக்கக்கூடிய தமிழ்நாட்டுக்கு அதுதான் பொருந்தும். இப்போதும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். நூறாண்டைத் தாண்டிய காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ, லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்யவோ 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. வீக்எண்ட் பொழுதுபோக்காக மெஷின் வாங்க நினைப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு 'ஆட் டு கார்ட்' அழுத்தலாம்.

ஆனால் நம்மூரில் காசைக் கண்டெடுப்பவர் பெரும்பாலும் மெஷின்காரர் இல்லை. கிணறு வெட்டுபவர், ஜேசிபி ஓட்டுபவர், நூறுநாள் வேலைக்குப் போன பெண். தற்செயலாகக் கண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவைத்துத் தகவல் சொல்லும் இவர்களுக்கு மட்டுமாவது நிபுணர் குழு மதிப்பிடும் விலையைத் தரலாம். சட்டத்தில் திருத்த வேண்டியது ஒரே ஒரு பிரிவைத்தான். அதுவரை, பானையை உடைத்தவர் முதலில் போன் போடப்போவது கலெக்டர் ஆபீஸுக்கு அல்ல, தெரிந்த நகைக்கடைக்காரருக்குத்தான்.